கபடி பார்க்கப் போனவர்கள்

அந்த மார்ச் மாதம் பஞ்சவர்ணத்துக்கு இருந்த அலுப்பு சாதாரண அலுப்பு இல்லை. காலையில் ஆவடிப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் நான்கு வகுப்பு. மாலையில் மின்சார ரயிலைப் பிடித்து அம்பத்தூர். அங்கிருந்து தொழிற்பேட்டைக்கு வேர்க்க விறுவிறுக்க நடை. பிறகு பருத்திப்பட்டு வீட்டுக்கு வந்து விழவேண்டியது. ஐந்து வருஷமாக இதே பிழைப்பு. எதற்காக என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். தொழிலாளிகள் பொழுதுபோக்குக்கு எங்கே போகிறார்கள், விளையாட்டுப் போட்டி பார்க்க எத்தனை தூரம் பயணம் செய்கிறார்கள் என்று ஆராய்ச்சி பண்ணுகிறாளாம். அவள் கடைசியாகக் கால் நீட்டிப் படுத்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

விட்டுத் தொலைக்கவும் முடியாது. டாக்டர் பட்டம் வந்தால்தான் கல்லூரி வேலை நிரந்தரமாகும். வராவிட்டால் ஜூன் மாதம் அவள் நாற்காலியில் வேறு ஆள். முப்பத்தெட்டு வயதில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்? பதிவை ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டித்தாயிற்று. வழிகாட்டிப் பேராசிரியர் பார்த்தசாரதி கறாராகச் சொல்லிவிட்டார். 1988 மார்ச் முப்பத்தொன்றுக்குள் தொழிலாளிகள் நிரப்பிய கேள்விப் படிவங்கள் வரவேண்டும். இந்த ஆய்வு எங்கள் கம்பெனியில்தான் நடந்தது என்று நிர்வாகத்தின் சான்றிதழும் கூடவே வரவேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து.

ஆய்வுக்கு அவள் பிடித்திருந்தது இரும்பு வால்வு செய்யும் ஒரு கம்பெனி. அங்கே பணியாளர் விவகாரம் பார்க்கும் அதிகாரி ரகுநாதன், சிரித்த முகத்தோடு கத்தி வைக்கிற ரகம். படிவங்களை ஒரு நாள் தன் மேஜையில் வைத்துவிட்டுப் போனால், பார்த்துவிட்டுச் சான்றிதழ் தருவதாகச் சொல்லியிருந்தார். பெயர் இல்லாத காகிதம்தானே, பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று இவளும் ஒப்புக்கொண்டாள். படிவத்தின் தலையிலேயே 'பெயர் எழுத வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தாள்.

ஆரம்பத்தில் யாரும் மசியவில்லை. ஷிப்டு விடுகிற நேரத்தில் கேட்டருகே கால் கடுக்க நின்றால், கண்டும் காணாததுபோல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழி திறந்துவிட்டவர் செங்கல்வராயன். லேத் மெஷினில் வேலை செய்கிறவர், ஐம்பதை நெருங்கிய ஆள், கபடிப் பைத்தியம். பண்ருட்டி, திண்டிவனம், ஆரணி என்று எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் லாரி பிடித்து ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்தம்மா நம்ம சந்தோஷத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுது, உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுங்கடா என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதுதான். மூன்று வாரத்தில் நூற்று எண்பத்தாறு படிவங்கள் வந்து சேர்ந்தன.

இருபத்தொன்பதாம் தேதி மாலை, வீட்டில் உட்கார்ந்து அவற்றை அடுக்கும்போதுதான் அந்தக் கூத்தைக் கவனித்தாள். ஒவ்வொரு படிவத்தின் மேல் மூலையிலும் ஒரு எண் இருந்தது. அட கடவுளே, கம்பெனி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கும் டோக்கன் நம்பர்! அந்தக் கம்பெனியில் கேன்டீன் சீட்டு, ஓவர்டைம் சீட்டு, லீவு கடிதம் என்று எதைத் தொட்டாலும் நம்பர்தான். பெயர் எழுத வேண்டாம் என்றதும், பெயரை விட்டுவிட்டு எல்லாரும் பழக்கதோஷத்தில் நம்பரைப் போட்டிருந்தார்கள். பஞ்சவர்ணத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பதினெட்டாவது கேள்விக்குப் போனதும் அது நின்றுபோயிற்று.

போட்டிக்குப் போக லீவு எப்படி எடுத்தீர்கள் என்பது அந்தக் கேள்வி. 'காய்ச்சல் என்று பொய்யாக டாக்டர் சீட்டு வாங்கி' என்று அறுபத்தோரு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் 'பாட்டி செத்ததாக, இரண்டாம் தடவை' என்றே எழுதியிருந்தார். நம்பரும் குற்றமும் ஒரே காகிதத்தில். ரகுநாதன் கையில் கிடைத்தால் அறுபத்தோரு வீட்டில் உலை ஏறாது.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதுதான். மூலையை வெட்டிவிடலாமா என்று பார்த்தாள். மெல்லிய காகிதம், பின்பக்கம் அதே இடத்தில்தான் முக்கியமான பதில் இருந்தது. மை பூசிப் பார்த்தால் அது ஊறி அந்தப் பதிலையும் அழித்தது. உட்கார்ந்து நாமே புதிதாக எழுதிவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நூற்று எண்பத்தாறும் ஒரே கையெழுத்தில் இருந்தால் பார்த்தசாரதி என்ன குருடரா? அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. மறுநாள் காலை குளிக்க வெந்நீர் போட்டபோது, அத்தனையையும் ஒவ்வொரு கட்டாக அடுப்பில் வைத்தாள். தண்ணீர் நன்றாகவே கொதித்தது. அவள் குளிக்கவில்லை, அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

முப்பத்தொன்றாம் தேதி வந்து போயிற்று. படிவங்கள் பாழாகிவிட்டன என்று மட்டும் பார்த்தசாரதியிடம் சொன்னாள். அவர் கோபப்படக்கூட இல்லை, பதிவேட்டை எடுத்து அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

நாலு நாள் கழித்து அம்பத்தூருக்குப் போனாள். சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போக மனம் வரவில்லை. செங்கல்வராயன் கேட்டருகே டீக்கடையில் நின்றிருந்தார். இவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகி, "இன்னாம்மா, நம்ம பேப்பரு பாஸாயிடிச்சா?" என்று கேட்டார்.

அவள் ஒளிக்காமல் சொன்னாள். நம்பரை, காய்ச்சல் சீட்டை, ரகுநாதனை, அடுப்பை, எல்லாவற்றையும். உங்கள் யார் வேலைக்கும் இனி ஆபத்தில்லை என்று முடித்தாள். கேட்டு நெகிழ்ந்துபோவார், கையெடுத்துக் கும்பிடுவார் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. பொய் சொல்வானேன், இருந்தது.

செங்கல்வராயன் டீ கிளாஸைப் பலகையில் வைத்தார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அன்னிக்கே கேட்டுல வந்து எங்கையில ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா? ஒரு சாப்பாட்டு டயம் போதுமே. நம்பர் இல்லாம அத்தினி பேரும் புச்சா எழுதிக் குட்த்திருப்போமே."

பஞ்சவர்ணத்துக்கு அன்று கத்தரிக்கோல் தோன்றியது, மை தோன்றியது, அடுப்பும் தோன்றியது. இவர்களிடம் போய் நிற்கலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

"எங்கள இன்னான்னு நெனச்சிகினு இருந்தம்மா நீ?" என்றார் அவர்.

கம்பெனிச் சங்கு ஊதியது. அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனார்.