கலப்பை ஏறி, நாய் ஏறும் வரை

எங்கள் ஊரில் தண்ணீர் முறையை வானத்தில் எழுதி வைத்திருந்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் வேறு எங்கே எழுதுவார்கள்?

மார்கழியில் பொழுது சாய்ந்ததும், பஞ்சநதம் பண்ணையாரின் தென்னை வரிசைக்கு மேலே மூன்று வெள்ளிகள் ஒரே கோட்டில் ஏறும். அதைக் கலப்பை என்போம். அது ஏறினால் வாய்க்கால் மடை எங்கள் பக்கம் திறக்கும். சற்றுப் பிந்தி, அதற்குத் தென்புறமாக, எல்லாவற்றையும்விட அதிகமாக மினுங்கும் ஒற்றை வெள்ளி அதே தென்னை வரிசையைத் தாண்டும். அது நாய். உழுகிறவன் பின்னால் நாய் வருவதில் ஆச்சரியமில்லை. நாய் ஏறியதும் மடையைப் பண்ணையார் பக்கம் திருப்பிவிட வேண்டும். கலப்பைக்கும் நாய்க்கும் நடுவே கிடைத்த தண்ணீரில்தான் எங்கள் ஆறு மா குத்தகை நிலம் விளைந்தது. மீதி இரவு முழுவதும் பண்ணையாருடையது.

மடைக்கல்லில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது என் வேலை. வயதுக்கு வந்த பெண் குடவாசல் பள்ளிக்கூடத்துக்குப் போனால் கெட்டுப்போவாள் என்று எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். இருட்டில் வாய்க்கால் கரையில் தனியாக உட்கார்ந்தால் கெடமாட்டாள் போலிருக்கிறது. வெள்ளி ஏறியதும் "ஏறிருச்சு" என்று கத்த வேண்டும். எனக்குக் கத்த வராது. நாலு பேர் முன்னால் யாராவது பெயர் கேட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் அப்பா ஒரு காலி எண்ணெய் டின்னைக் கொடுத்திருந்தார். அதைத் தட்டுவேன்.

எழுபத்தொன்றில் பண்ணையாருக்குப் பகுத்தறிவு வந்தது. தேர்தல் முடிவு தெரிந்த மறுநாள் காலையில் வந்தது. வீட்டு வாசலில் பழைய கொடி இறங்கிப் புதுக் கொடி ஏறியது. பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை வெட்டி எறிந்தார். நிலத்தில் மட்டும் ஒரு குழிகூட வெட்டவில்லை. உச்சவரம்புக்கு மேல் இருந்ததையெல்லாம் மருமகன்கள் பெயரிலும், இனிமேல் வரப்போகும் மருமகன்கள் பெயரிலும் எழுதி வைத்துவிட்டார்.

அந்த மார்கழி பிறந்ததும் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"மருதையா, இன்னும் எத்தனை நாளைக்குய்யா நட்சத்திரம் பாத்துத் தண்ணி பாய்ச்சுவீங்க? மூடநம்பிக்கை. நம்ம ஆட்சியில இதெல்லாம் நடக்கலாமா?"

பம்புசெட் கொட்டகையில் ஒரு சுவர்க் கடிகாரத்தை மாட்டினார். ஆறரை முதல் எட்டு வரை எங்களுக்கு. எட்டு அடித்ததும் சத்தம் கொடுக்கக் காவல்காரர் காத்தான்.

அன்று முதல் எட்டு மணிக்கு அவசரம் வந்துவிட்டது. கலப்பை ஏறி, தண்ணீர் எங்கள் முதல் வரப்பைத் தொடுவதற்குள் "எட்டாயிருச்சு!" என்று காத்தான் குரல் கேட்கும். நாய் அப்போதுதான் தென்னையின் அடிமரத்தருகே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. எதை வைத்து மறுப்பது?

கதிர் பால் பிடிக்கும் நேரம். இன்னும் பத்து நாள் இப்படிப் போனால் பதர்தான் மிஞ்சும். பதரைக் குத்தகையாக அளக்க முடியாது. குத்தகை அளக்கிற வரை எங்களை அந்த நிலத்திலிருந்து யாரும் இறக்கக்கூடாது என்பது சட்டம். பண்ணையார் சட்டத்தை மதிப்பவர். அளக்க முடியாமல் செய்தால் அவருக்குப் போதும்.

அப்பா தாலுகாவுக்கு மனு கொடுத்தார். அதிசயமாக, அந்த மாதத்திலேயே வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. பக்கீர் முகம்மது சைக்கிளில் வந்துவிட்டார். மடைக்கல்லுக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி, உளுந்து வடை, காப்பி எல்லாம் பண்ணையார் செலவில். எங்கள் தரப்பில் நானும் டின்னும்.

கலப்பை ஏறியது. தட்டினேன். ஆர்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு முப்பத்தைந்து. கொட்டகைக் கடிகாரத்திலும் அதே நேரம்தான்.

"பாத்தீங்களா சார், பிசகாது. வெளிநாட்டுச் சரக்கு" என்றார் பண்ணையார்.

பிறகு இருவரும் நாட்டு நடப்பு பேசினார்கள். ஏழை விவசாயிகளுக்குக் கட்சி செய்யப்போவதைப் பண்ணையார் விளக்கிக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

"எட்டாயிருச்சு! மடையை அடைங்க!"

ஆர்.ஐ. கையைத் திருப்பிப் பார்த்தார். ஏழு இருபது. எழுந்து கொட்டகைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். காத்தான் முக்காலிமேல் நின்று கடிகாரத்தின் கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றே?"

"முள்ளைத் தள்ளினேங்க. தினமும் இந்நேரத்துக்குத்தாங்க தள்றது. விடிஞ்சதும் திருப்பி வெச்சிருவேங்க."

"அடப்பாவி, இன்னைக்குமாடா?" என்றார் பண்ணையார்.

"இன்னைக்கு வேணாம்னு நீங்க சொல்லலியேங்க ஐயா" என்றார் காத்தான். பாவம், பதினைந்து வருட விசுவாசம்.

பண்ணையார் அசரவில்லை. "கடிகாரம் தப்புன்னா நட்சத்திரம் சரின்னு ஆயிடுமா சார்? அது தினமும் நாலு நிமிஷம் முந்தி ஏறுது. காலேஜுல படிச்ச என் மருமகனே சொன்னாரு." இவர் ஏற்கெனவே வந்துவிட்ட மருமகன்.

அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "வாஸ்தவந்தாங்க. ஆனா கலப்பை முந்தினா நாயும் சேந்து முந்துங்க. ஒரே நுகத்தடியில பூட்டின மாடுங்க மாதிரி. நடுவுல உள்ள தூரம் மாறாதுங்க."

"சரி. நாய் ஏறுற வரைக்கும் இருந்து பாத்துடுவோம். பண்ணையார் வெச்ச ஒன்றரை மணி நேரத்துக்குக் கிட்ட வந்தாப் பழைய முறையே இருக்கட்டும்" என்று ஆர்.ஐ. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், கடல் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து தென்னை வரிசைக்கு மேலே படுத்துக்கொண்டது. அதுவும் கட்சி மாறியிருக்கும்.

"மேகத்து மேலயும் ஒரு மனு எழுதிக் குடுய்யா மருதையா" என்று பண்ணையார் சிரித்தார்.

"நாய் தெரியலன்னா எப்ப அடைப்பீங்க?" ஆர்.ஐ. கேட்டார். அப்பா மேகத்தைப் பார்த்தார். மேகம் போட்ட நாட்களில் குத்துமதிப்புதான், சண்டைதான்.

எனக்குத் தெரியும். வடகிழக்கில் வானம் தெளிவாக இருந்தது. அங்கே ரைஸ் மில் தகரக் கூரைக்கு மேலே இரண்டு வெள்ளிகள், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, அண்ணன் தம்பி போல ஏறும். அந்தப் பக்கம் பண்ணையாருக்கும் நிலமில்லை, எங்களுக்கும் நிலமில்லை என்பதால் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வேறு வேலை இல்லாததால் நான் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள தம்பி கூரையைத் தாண்டும்போது, இந்தப் பக்கம் நாய் தென்னையைத் தாண்டும். ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் நடக்கும் முன்பே இதைச் சொல்ல வேண்டும். டின்னுக்கு அவ்வளவு பேச்சு வராது.

"ரைஸ் மில்லு..." என்றேன்.

"என்னம்மா?"

பாதி மூழ்கிய எங்கள் முதல் வரப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ரைஸ் மில்லு கூரைக்கு மேல ரெண்டாவது வெள்ளி ஏறுறப்ப, இங்க நாயும் ஏறியிருக்குங்க."

"பொட்டப்புள்ள ஜோசியம் சொல்லுது சார்" என்றார் பண்ணையார். "இதுக்குத்தான் பகுத்தறிவு வேணுங்கிறது."

ஆர்.ஐ. நாற்காலியை வடகிழக்காகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அண்ணன் ஏற்கெனவே மேலே இருந்தான். தம்பி தகரத்தின் விளிம்பை விட்டு வெளியே வந்ததும் தட்டினேன். ஆர்.ஐ. கடிகாரத்தில் எட்டு மணி. எல்லோரும் தென்னையைப் பார்த்தார்கள். மேகம் நகர நாலைந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. பிறகு மேகம் கிழிந்தது. நாய் மட்டை நுனியிலிருந்து அப்போதுதான் விலகி, ஒன்றும் அறியாததுபோல மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு மணி இருவத்தஞ்சு நிமிஷம்" என்று ஆர்.ஐ. எழுதிக்கொண்டார். பண்ணையார் அவரிடம் இன்னொரு வடை சாப்பிடச் சொன்னார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. அப்பா என்னிடம்தான் படிக்கக் கொடுத்தார். தனியார் கடிகாரம் உடனே அகற்றப்பட வேண்டும். அரசுக் கடிகாரம் ஒன்று மடையருகே பொருத்தப்படும். அது வரும்வரை, மேற்படி கலப்பை, மேற்படி நாய், மேற்படி இரட்டை வெள்ளிகள் தற்காலிக ஏற்பாடாகத் தொடரலாம்.

அந்தத் தையில் குத்தகையை அளந்தோம். நிலம் எங்களிடமே இருக்கிறது. காத்தானை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சொன்னதைச் செய்ததற்காக.

இது நான்காவது மார்கழி. அரசுக் கடிகாரம் வந்துகொண்டே இருக்கிறது. தற்காலிக ஏற்பாடு நேற்றும் ஏறியது. டின்னைத் தட்டினேன்.