பரியப் பாக்கி

ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய், இந்த மலேசியக் காசில் தொண்ணூறு வெள்ளி, ரெண்டு நாள் செம்பனைக் குலை அறுத்தால் கைக்கு வந்துவிடும், அதைக் கொடுத்து முடிக்க இருபத்தோரு வருஷமா... கரியன் ஒரு கையை எடுத்துச் சட்டைப்பையைத் தொட்டான், நோட்டு இருந்தது, மோட்டார் சைக்கிள் லேசாக ஆடியது, பின்னால் பாவாயி சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள், அவனைப் பிடிக்கவில்லை, ஒரு மாத விசாவில் பார்க்க வந்த பெண்டாட்டி, நாளைக்கு விமானம் ஏறுகிறாள், மேஸ்திரி தனசேகரனிடம் கெஞ்சி வாங்கிய ஒரே ஒரு நாள் லீவு இது, வண்டியும் அவருடையதுதான். டுங்குனில் ரொட்டி தின்றார்கள், கெர்த்தேயில் பெட்ரோல் போட்டார்கள், இடது பக்கம் கடல் கூடவே வந்தது, கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறும் பஸ்ஸில் பள்ளம் இப்படித்தான் ஒரே பக்கமாகக் கூட வரும், அங்கே வாந்தி வருமென்று கண்ணை மூடிக்கொள்வாள், இப்போது பார்க்கிறாளா? "இன்னாய்யா இந்தக் கடலு, யாரும் ஒண்ணும் சொல்லாமலே கத்திக்கினு கெடக்குது?" என்றாள். "உன்னாட்டம்தான்." முதுகில் ஒரு குத்து விழுந்தது.

அவன் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்ணுக்குப் பரியம் கட்ட வேண்டும், அந்த வருஷம் சாமை காய்ந்துபோனது, பாதியைக் கட்டி மீதியைப் பாக்கி சொல்லித் தாலி கட்டினான், பாக்கிக்காரனுடைய பெண்டாட்டி எந்த நாளும் துணியைச் சுருட்டிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போகலாம், பஞ்சாயத்தில் போய் நிற்க அவனுக்கு வாயில்லை, அதனாலேயே குழம்பில் உப்பு கம்மி என்பதைக்கூட அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னான், அவளும் விட்டாளா, "பரியம் கட்டாத ஆளுக்கு நாக்கு மட்டும் ஜாஸ்தி" என்பாள். கேரளாவில் மிளகு பறிக்கப் போன இடத்தில் இங்கேயே தங்கிவிடு என்றார்கள், அங்கே ஒருத்தி சோறுகூடப் போட்டாள், ஆனாலும் அந்தப் பாக்கி உறுத்தி உறுத்தித்தானே ஒவ்வொரு தடவையும் மலை ஏறினான்... ரெண்டு தடவை மாமனார் சக்கரவர்த்தியிடம் வெற்றிலை பாக்கோடு காசை நீட்டினான், "இப்ப இன்னா அவசரம் மாப்ள, உள்ள வைங்க" என்று தட்டை நகர்த்திவிட்டார், என்னைக் கடன்காரனாகவே வைத்திருக்கப் பார்க்கிறார் என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை தள்ள முடியாது, குவாந்தானில் ஒரு தமிழர் கடை, அங்கே பணம் கட்டினால் ஊரில், வெள்ளிமலையில், அவர்கள் ஆள் கொண்டுபோய் மாமனார் கையில் திணித்துவிடுவான்.

செராத்திங் வந்ததும் இளநீர்க் கடையில் நிறுத்தினான். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன், அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஒருத்தி, பாவாயி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். சரி, சொல்லிவிடலாம் என்று நோட்டை எடுத்துக் காட்டினான், உங்க அப்பனுக்குத்தான், இன்றோடு முடிந்தது என்றான். அவள் இளநீரை உறிஞ்சி முடித்தாள். "அது எப்பவோ தள்ளியாச்சு."

"எது?"

"பரியப் பாக்கிதான். பெரியவ பொறந்த அன்னிக்கே எங்கப்பன் வேணாம்னுட்டாரு. நாந்தான் உங்கிட்ட சொல்ல வேணாம்னேன்."

"ஏன்டி?"

"கேரளாவுக்குப் போற ஆளு திரும்பி வரணுமில்ல?"

கிழவர் தட்டை நகர்த்தியது அவமானப்படுத்த இல்லை, மகளுக்குக் கொடுத்த வாக்கு... பெரியவளுக்கு இப்போது பத்தொன்பது, பத்தொன்பது வருஷமாக இல்லாத கடனுக்குப் பயந்து உப்பில்லாத குழம்பைத் தின்றிருக்கிறான், இவள் போய்விடுவாள் என்று அவன் பயந்துகொண்டிருக்க, அவன் வராமல் போய்விடுவான் என்று இவள் பயந்துகொண்டிருந்தாளா, ஒரே பாயில் படுத்துக்கொண்டு? கோபம் வரும் என்று பார்த்தான், வரவில்லை, கையிலிருந்த நோட்டு வெறும் தொண்ணூறு வெள்ளியாக இருந்தது, இளநீருக்கு அதிலிருந்தே கொடுத்தான். "போலாம்யா, மழ வர்றாப்ல இருக்குது," என்று ஏறி உட்கார்ந்தாள், பழையபடி கம்பியைப் பிடித்தாள். குவாந்தானில் இனி வேலையில்லை, வண்டியை வந்த வழியே திருப்பினான், இப்போது கடல் வலது பக்கம். பாக்கி இல்லை, ஒரு பைசா இல்லை, ஆனால் நாளைக்கு அவள் ஏறிப் போய்விடுவாள், அவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இங்கே இருக்கிறது, அத்தனை வருஷம் இறுக்கிப் பிடித்திருந்த அந்தப் பாக்கியை இன்றைக்குப் பார்த்து ஏன் விட்டாள், திரும்பி வருவான் என்று தெரிந்துவிட்டதா, இல்லை, வராவிட்டாலும் பரவாயில்லை என்று...