அம்சத்தின் கழுத்து விளக்கு

மூன்று மா வயல். பாதி அறுத்து, பாதி நிற்கும்போது அறுவடை மிஷின் ஒரு முக்கு முக்கி நின்றுவிட்டது. மாலை ஆறு மணி. கிழக்கே நாகப்பட்டினம் பக்கம் வானம் ஈயச்சட்டி மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. பாபநாசத்தைச் சுற்றியுள்ள அத்தனை பேரும் அன்று வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்சம் நிற்கும் பாதியைப் பார்த்தாள். மழை விழுந்தால் கதிர் சாயும். சாய்ந்தது ஊறும். ஊறியது மூன்றே நாளில் முளைவிடும். சேற்றில் மிஷினும் இறங்காது. போன வருஷம் வரை ஊரார் வயலில் அறுத்த கை அவளுடையது. இது அவள் பேரில் பட்டா உள்ள நிலம். முதல் சம்பா.

டிரைவர் ரெத்தினம் மிஷினுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். மிஷினோடு ஆத்தூரிலிருந்து வந்தவர்.

"நெல்லை மேல ஏத்துற செயின்ல லாக் தெறிச்சிடுச்சுக்கா. புது லாக் இருக்கு. மாட்டத்தான் கை இல்லை."

"ரெண்டு கை இருக்கே?"

"இதுவா?" என்று விரித்துக் காட்டினார். ஒவ்வொரு விரலும் மொந்தன் வாழைக்காய். மிஷின் விலாவில் இருந்த திறப்பில் அவர் ஒரு கையை விட்டாலே அடைத்துக்கொண்டது. அம்சம் வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு நுழைத்துப் பார்த்தாள். இரண்டு கையும் போயிற்று.

"என் கை போவுது. என்ன செய்யணும், சொல்லுங்க."

"ஒரு கையால செயினோட ரெண்டு முனையையும் சேர்த்துப் புடிக்கணும். மறு கையால பின்னைச் சொருகி, அது மேல லாக்கை அழுத்தணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஆனால் உள்ளே கும்மிருட்டு. அவள் புருஷன் காத்தான் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தான். அவன் பார்க்கும் பக்கமெல்லாம் வெளிச்சமும் போயிற்று.

"செயினைக் காட்டச் சொன்னா மானத்தைக் காட்டுறீங்க!"

"மழை எதுவரைக்கும் வந்திருக்குன்னு பார்த்தேன்."

"அது வந்து சொல்லும். நீங்க இங்க காட்டுங்க."

காட்டினான். அவன் தலையும் அவள் தலையும் முட்டிக்கொண்டன.

அதற்குள் அம்சத்தின் தம்பி பரிதி வீட்டுக்கு ஓடி, பையோடு திரும்பி வந்தான். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையிலிருந்து அவன் வந்து பத்து நாள் ஆகிறது. பெட்டியைத் திறக்கும்போது செண்டு பாட்டிலுக்கும் சங்கிலிக்கும் காத்திருந்தது சொந்தம். வந்தது ஒரு பை விளக்கு. "உன் கல்யாணத்துக்குச் சீரியல் செட்டுச் செலவு மிச்சம் மச்சான்" என்று பத்து நாளாகச் சொல்லிச் சொல்லியும் காத்தானுக்கு அலுக்கவில்லை.

பரிதி துண்டை விரித்து விளக்குகளை அடுக்கினான். குரல் கடைக்காரன் குரலாகிவிட்டது.

"கப்பல் தொட்டிக்குள்ள இதை வச்சித்தான் வேலை. எதையும் கையில புடிக்க வேணாம். இது காந்தம், கழுத்து பாம்பு மாதிரி வளையும். இது கவ்வுறது. இது தலைக்கு. இது கழுத்துக்கு."

காந்த விளக்கு மிஷினில் கச்சிதமாக ஒட்டியது. எப்படி வளைத்தாலும் அம்சத்தின் தலை நிழல் திறப்பில் விழுந்தது. கவ்வும் விளக்கைச் சேலைத் தோளில் மாட்டினாள். அது தொங்கிப்போய் அவள் கால் கட்டைவிரலைப் பிரகாசமாகக் காட்டியது. தலை விளக்கைக் கொண்டைக்கு மேல் இழுத்து மாட்டியதும் பகல் மாதிரி வெள்ளை வெளிச்சம்.

"தெரியுது! செயின் தெரியுது! ரெண்டு முனையும்... த்தூ!"

பச்சைத் தத்துப்பூச்சி. அறுத்த பாதியில் இருந்ததெல்லாம் நின்ற பாதிக்குப் போயிருந்தது. அங்கிருந்து மொத்தக் கூட்டமும் அம்சத்தின் நெற்றிக்கு வந்துவிட்டது. கண்ணில், மூக்கில், வாயில். கப்பலுக்குள் பூச்சி கிடையாது. தை மாதத்து வயலில் அந்தி நேரம் வெள்ளை விளக்கு போட்டால் என்ன ஆகும் என்பதை நான்கே வருஷத்தில் பரிதி மறந்திருந்தான்.

அம்சம் கண்ணைத் துடைத்தாள். போன போகத்தில் வேளாண்மை ஆபீஸ்காரர் வரப்பில் பல்பு கட்டி, கீழே தண்ணீர்த் தொட்டி வைத்தது நினைவுக்கு வந்தது. விடிந்து பார்த்தால் தொட்டி நிறையப் பூச்சி. விளக்கைக் கழற்றிப் புருஷனிடம் நீட்டினாள்.

"இதை மாட்டிக்கிட்டு அந்த வரப்புக்குப் போங்க."

"நான் எதுக்கு?"

"பூச்சிக்கு."

"மாமா, ஃபுல் வெளிச்சத்துல வைங்க," என்றான் பரிதி.

காத்தான் போனான். பின்னாலேயே பூச்சிக் கூட்டமும் போயிற்று.

அம்சம் கழுத்து விளக்கைப் போட்டுக்கொண்டாள். அட்டிகை போல் படிந்தது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு பல்பு.

"பொத்தானை ரெண்டு தடவை அமுக்குக்கா. மஞ்சளா வரும். பூச்சி அவ்வளவா வராது."

மஞ்சள் வந்தது. முனைகளை வளைத்தாள். வலப்பக்க வெளிச்சத்தின் நிழலை இடப்பக்கம் அழித்தது. தலை எங்கே திரும்பினாலும் வெளிச்சம் நகரவில்லை. கை இருக்குமிடத்தில் நின்றது. இத்தனை வருஷமாக இது இல்லாமல் எப்படி அடுப்படியில் குனிந்தோம் என்று ஒரு நொடி தோன்றியது.

"ஐயோ, ஒண்ணு காதுக்குள்ள குடித்தனம் வந்துடுச்சு!" வரப்பிலிருந்து கத்தல். காத்தான் ஒற்றைக் காலில் குதித்தான்.

"ஆடாதீங்க, கூட்டம் கலையுது!" என்று பரிதி கத்தினான்.

ரெத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வயலில் உட்கார்ந்துவிட்டார். அம்சத்துக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் கழுத்து ஆடும். கழுத்து ஆடினால் வெளிச்சம் ஆடும். பல்லைக் கடித்தாள். விரலிலிருந்த பின் நழுவி உள்ளே விழுந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொண்ணு இருக்கா?"

"இல்லைக்கா," என்றார் ரெத்தினம். அவரும் எழுந்துவிட்டார்.

அம்சம் விளக்கின் ஒரு முனையை நேர் கீழே வளைத்தாள். உமியும் தூசும். அதற்குள் நெல்மணி அளவுக்கு ஒரு மினுமினுப்பு. இரண்டு விரலால் கிள்ளி எடுத்தாள். செயின் முனைகளைச் சேர்த்தாள். செருகினாள். லாக்கை அழுத்தினாள்.

டிக்.

"மாட்டிட்டேன்! ஸ்டார்ட் பண்ணுங்க!"

மிஷின் உறுமியது. அதன் முன்விளக்கு எரிந்ததும் பூச்சியெல்லாம் காத்தானை விட்டுவிட்டு அங்கே பறந்தன.

"நன்றி கெட்டதுங்க," என்றான் அவன்.

நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அம்சம் கூடவே ஓடினாள். ஓடத் தேவையே இல்லை. கடைசிக் கதிர் உள்ளே போகும்போது மூக்கில் முதல் துளி விழுந்தது. டிராக்டர் டிரெயிலரில் நெல் அருவியாகக் கொட்டியது. பரிதியும் ரெத்தினமும் தார்ப்பாயை இழுத்தார்கள். உள்முடிச்சு போட அம்சம் குவியல் மேல் ஏறினாள். மழை பிடித்துக்கொண்டது.

தார்ப்பாய்க்குள் மஞ்சள் வெளிச்சம். சுற்றிலும் காய்ந்த நெல், இன்னும் வெதுவெதுப்பாக. அம்சம் மல்லாந்து படுத்து, அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள்.

வெளியே யாரோ தட்டினார்கள்.

"அம்சம், நனையுறேன் புள்ள. கொஞ்சம் தள்ளிப் படு."

"இடம் இல்லீங்க. நெல்லுக்கே பத்தலை!"