அல்லிக்குள் போட்ட மெல்லிய நரம்பு

வெள்ளக்கடையில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் சக்திவேலுக்கு, எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று தூரத்துச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தன் நெஞ்சுக்குள் இருக்கும் கோளாறை மட்டும் நாற்பத்தொரு வயதாகியும் வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்ய, சில ஆட்களுக்கு வாய் என்பது டீ குடிக்க மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சொல்லியே ஆக வேண்டிய ஒரு பேச்சு இருந்தது. "போவாதீங்க. என்னையக் கட்டிக்கிறீங்களா?" அவ்வளவுதான், மூன்று சொல். மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் அத்தாயி திருப்பூருக்குப் போகிறாள். அங்கே அவளுடைய அக்காள் பனியன் கம்பெனியில் வேலை பிடித்து வைத்திருக்கிறாள். போனால் திரும்பி வரமாட்டாள், அது அவனுக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தொண்டையில் கிடந்த பேச்சுக்கு ஒரே ஒரு காலைப்பொழுதுதான் மிச்சம்.

அத்தாயி எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவள். புருஷன் செத்து எட்டு வருஷம் ஆகிறது. தொழிலாளிகளுக்கான லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள். ஞாயிறு ஆனால் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எஸ்டேட் குளத்துக்குத் தூண்டிலோடு போய்விடுவாள். ஒருநாள் மீன் பார்க்கிற சாக்கில் போனவன்தான் சக்திவேல். அதன்பிறகு ஒரு ஞாயிறும் தப்பவில்லை.

முதல் வாரம் அவன் தூண்டில் நரம்புக்குப் பதிலாகக் கிளச் கம்பியைக் கொண்டுபோனான். அறுந்தே போகாத சாமான் வேண்டும் என்று நினைத்தால் மெக்கானிக் புத்தி வேறு எங்கே போகும்! கம்பி, இரையாகக் கட்டிய ரப்பர் தவளையையும் இழுத்துக்கொண்டு கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. அத்தாயி கரையில் குந்தி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஏனுங்க மெக்கானிக்கு, மீன் புடிக்க வந்தீங்களா, வண்டி கட்டி இழுக்க வந்தீங்களா?"

அந்தச் சிரிப்பில்தான் ஆள் விழுந்தான். அவள் விரால் பிடித்தாள், அவன் வேறொன்றில் மாட்டிக்கொண்டான்.

அவளிடம் மூன்று தூண்டில் உண்டு. குளத்துக்கு மூன்று முகம் இருக்கிறது என்பாள். நடுவே இருப்பது வெட்டவெளித் தண்ணீர். அங்கே மீனுக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆகவே நீண்டு வளைகிற தூண்டில் ராடும் மெல்லிய நரம்பும் வேண்டும். மாட்டிய மீனை ஓடவிட்டு, களைத்ததும் நரம்பைச் சுற்றி, மறுபடி ஓடவிட்டுப் பிடிக்கலாம். மேற்குப் பக்கம் சில்வர் ஓக் மரங்கள் தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கின்றன. கட்டையில் உரசும் என்பதால் அங்கே தடித்த நைலான், மூங்கில் கழி. அல்லி அடர்ந்த மூலைக்குத்தான் ஆர்டர் போட்டு வாங்கிய குட்டை ராடு. அதில் இருப்பது பின்னிய நூல், மாட்டைக் கட்டினாலும் தாங்கும்.

"அல்லிக்குள்ள வெளையாட்டுக் காட்டப்படாதுங்க," என்பாள். "கடிச்சானா, ஒரே இழுப்பு. ஒரு முழம் விட்டீங்கன்னா தண்டைச் சுத்திக்குவான். அப்பறம் அவன் ராசா, நாம கூசா தூக்கி."

வெளிநாட்டில் பாஸ் என்று ஒரு மீனுக்கு ஒரே ஏரியில் ஏழு ராடு வைத்துக்கொண்டு திரிகிறவனை அவன் ஒரு தடவை போனில் காட்டினான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "பாவம், அந்த ஊர்ல மூங்கில் கெடைக்காதாட்டிருக்குது."

அன்றைக்கு அவன் போனபோது மூடுபனி குளத்தின் மேல் இறங்கிப் படுத்திருந்தது. கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. அத்தாயியின் சிவப்புச் சால்வை மட்டும் வெள்ளைக்குள் மிதந்தது. அருகில் போகப் போக அது இன்னும் விலகுவதுபோல் இருந்தது. எங்கிருந்தோ காப்பிப் பூ வாசம். சக்திவேலுக்குத் தான் விழித்திருக்கிறோமா, இன்னும் கடைக்குள் பாயில் கிடக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கனவாக இருந்தால் சொல்லிவிடலாமே என்று நினைத்தான். கனவிலும் வாய் வரவில்லை.

"கடைசி ஞாயிறுங்க," என்றாள் அவள். பனிக்குள் முகம் சரியாகத் தெரியவில்லை. "இன்னிக்கு நீங்களே எடுத்துப் போடுங்க. நான் பாக்கறேன்."

அவன் குனிந்து கைக்கு வந்ததை எடுத்தான். சொல்ல வேண்டிய மூன்று சொல்லை மனதுக்குள் முன்னும் பின்னுமாக உருட்டிக்கொண்டிருந்தவனுக்கு எதை எடுத்தோம் என்ற நினைவே இல்லை. ரப்பர் தவளையைக் கட்டி அல்லிப் பக்கம் வீசினான். தவளை ஓர் இலையில் ஏறி, மறு இலைக்குத் தாவி, இடைவெளியில் இறங்கியது. அவனுக்கு அது ரொம்ப நாளாகப் போய்க்கொண்டே இருப்பதுபோல் பட்டது.

தொப்!

இலைகள் கிழிந்து தண்ணீர் எழும்பியது. ராடு வில்லாக வளைந்தபோதுதான் பார்த்தான். ஐயோ கடவுளே, கையில் இருந்தது நீள ராடு, மெல்லிய நரம்பு! பயத்தில் விரல் பழகியதைச் செய்தது, ஓடவிட்டது. ஒரு முழம், இரண்டு முழம், ஐந்து முழம். பிறகு எல்லாம் நின்றது.

"சுத்திக்கிட்டான்," என்றாள் அத்தாயி. திட்டவில்லை. அந்தக் குரலில் இருந்த அலுப்பு மீனுக்காக மட்டும் இல்லை என்று சக்திவேலுக்குத் தோன்றியது. "அறுத்து விடுங்க. நேரமாச்சு. ஊட்டுல பாத்திரம் பண்டமெல்லாம் கட்டோணும்."

கத்தியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. ராடை அவள் கையில் கொடுத்துவிட்டு, லுங்கியை மடித்துக்கட்டிக் குளத்துக்குள் இறங்கிவிட்டான்.

"அட சாமி! பைத்தியமா புடிச்சிருக்குது? சேறு இழுத்துக்கும், ஏறுங்க மேல!"

தண்ணீர் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. முழங்கால், இடுப்பு, மார்பு. அவன் நரம்பை விரலால் தொட்டுக்கொண்டே போனான். ஒரு தண்டு, அதைச் சுற்றி இன்னொரு தண்டு. பனி பின்னால் மூடிக்கொண்டது, கரை மறைந்தது. உலகத்தில் மிச்சம் இருந்தது விரலுக்குள் ஒரு நரம்பு, ஒரு முனையில் மீன், மறுமுனையில் அத்தாயி. அவள் முகம் தெரியாதது என்னவோ நெஞ்சை லேசாக்கியது. மீன் இன்னும் உயிரோடு துடிப்பது விரலில் தெரிந்தது. இதை விட்டால் இனி இல்லை என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தாயி," என்றான் பனியைப் பார்த்து. வெறும் பேர் சொல்லி அவன் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை. "திருப்பூருக்குப் போவாதீங்க. என்னையக் கட்டிக்கிறீங்களா?"

நரம்பு அவன் விரலில் இறுகியது. மறுமுனையில் அவள் ராடை இறுகப் பிடித்திருக்கிறாள் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க," என்றாள்.

அவன் திரும்பினான். திரும்பிய வேகத்தில் நரம்பு டப்பென்று அறுந்தது. இலைகள் வரிசையாக அசைந்தன, விரால் போய்விட்டது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. பனிக்குள் சிவப்பாகத் தெரிந்த இடத்தை நோக்கி மறுபடியும் சொன்னான். இந்தத் தடவை திக்காமல், உரக்க, எஸ்டேட்டுக்கே கேட்கும்படி.

"ஆறு வருசம்," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் கேலி போகவில்லை. "ஆறு வருசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மீனையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்களே, நீங்க மனுசனா, கொக்கா?"

மூங்கில் கழியின் தடித்த முனை பனிக்குள்ளிருந்து அவன் முன்னால் வந்து நின்றது. அவன் பிடித்தான். சேறு கணுக்காலைக் கவ்வியது. அவள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல், காலை ஊன்றி, ஒரே இழுப்பாக இழுத்தாள். கரையில் வந்து விழுந்தவனுடைய தலையில் அல்லித்தண்டு தொங்கியது. அவள் அதை எடுத்துப் போட்டாள், சால்வையைக் கழற்றி அவன் மேல் போர்த்தினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து நம்பரைப் போட்டு, அவன் ஈரக் கையில் திணித்தாள்.

"அக்காதான். நாளைக்கு நான் வரலைன்னு நீங்களே சொல்லுங்க. இப்பத்தான் வாயி தொறந்திருக்குதே."