ஆவுடையப்பன் வேண்டாம் என்றவர்கள்

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து, இந்த ஆள் அதற்குத் தேவையில்லை என்று ஆவுடையப்பன் சொன்னால், அந்த ஆள் மறுநாள் காலை பத்து மணிக்குப் பெட்டியோடு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ஆவுடையப்பன் என்றில்லை, அந்த ஊரில் யார் சொன்னாலும் அப்படித்தான். மனதார நினைத்துச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வாய்க்கு வந்ததைச் சொன்னால் யாரும் வருவதில்லை.

அதனால் ஊர் உஷாராகிவிட்டது. ராஜகனி டாக்கீஸில் படம் விட்டதும் ஜனங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் கூடுவார்கள். எவ்வளவு மட்டமான படமாக இருந்தாலும், "ஒருவாட்டி பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார்கள். வீட்டில் இருப்பது இரண்டு அறை. வருகிறவர்களை எங்கே படுக்கவைப்பது?

ஆவுடையப்பனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கூட்டுறவு பண்டகசாலையில் முப்பது வருஷம் எடை போட்டு ஓய்வு பெற்றவர். முள் எங்கே நிற்கிறதோ அதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பழைய படத்தில் வாசலில் நின்றே கால் மணி நேரம் பேசுகிறார்கள், ஆனால் பேசுவது காதில் விழுகிறது என்பார். இப்போது வருகிற படத்தில் ஒருத்தன் நடந்து வருவதற்கே கால் மணி நேரம் ஆகிறது, வந்து பேசினால் ஒரு எழவும் புரிவதில்லை, பின்னால் யாரோ தகரத்தை உருட்டுகிறார்கள் என்பார். அதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. யார் யார் தேவையில்லை என்று பெயர் சொல்லி முடித்தால்தான் அவர் சைக்கிள் பூட்டைத் திறப்பார்.

ஆக, அவர் வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர் இருந்தார்கள். கொலை எல்லாம் முடிந்தபிறகு வரும் இன்ஸ்பெக்டர் ஒருவர். கதாநாயகன் எதைச் சொன்னாலும் சிரிக்கும் நண்பன் ஒருவன். மூன்று பாட்டுக்கு மட்டும் வந்த, பெயர்கூட வைக்கப்படாத ஒரு பெண். பிறகு ஓர் அடியாள். படத்தில் அவன் முதுகை மட்டும்தான் காட்டியிருந்தார்கள். வீட்டிலும் எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் முதுகுதான் தெரிந்தது.

இவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டது ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள். சினிமாவில் யாரும் முழுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை என்பதால் இவர்களும் இரண்டு கவளம் பிசைந்துவிட்டுக் கோபத்தோடு கை கழுவி எழுந்துபோனார்கள். உலகம்மாள் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு மறுவேளைக்கு உலை வைத்தாள். கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் எந்தப் படத்தைப் பற்றியும், எந்த ஆளைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் சொன்னது கிடையாது. அவள் சமையலைப் பற்றி ஆவுடையப்பனும் சொன்னதில்லை. ஊரில் ஓடிய அத்தனை படத்துக்கும் வாய் இருந்த மனுஷனுக்கு இதற்கு மட்டும் இல்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

சித்திரையில் ராஜகனி டாக்கீஸ் மேட்னிக்கு 'பிரிந்த கூடம்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துப் போட்டது. நான்கு அண்ணன் தம்பிகள் வீட்டைப் பாகம் பிரிக்கும் கதை. மூத்தவன் மனைவியாக ஓர் அண்ணி வருவாள். அரிசி களைவாள், விளக்குத் துடைப்பாள், யாராவது அழுதால் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். வசனம் ஒன்றும் கிடையாது.

"படம் நல்ல படம்தான். அந்த அண்ணி எதுக்கு? சும்மா வாரா, போறா. தேவையே இல்ல" என்றார் ஆவுடையப்பன்.

மறுநாள் பத்து மணிக்கு அண்ணி தகரப் பெட்டியோடு வந்தாள். தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறம். நெற்றிக் குங்குமம் கறுப்பு. வேலை செய்து செய்து ஓய்ந்தவள் போல அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. உலகம்மாள் அவளை எழுப்பவும் இல்லை.

மற்றப் படங்கள் ஒரு வாரம் ஓடிப் பெட்டிக்குள் போய்விடும். அவற்றில் ஆள் குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 'பிரிந்த கூடம்' அப்படிப் போகவில்லை. ஆபரேட்டர் தளவாய்க்கு அது பிடித்துப்போய், தினமும் மேட்னிக்கு அதையே ஓட்டினான். அண்ணி இல்லாத படத்தில் தண்ணீர்ச் செம்பு தானாக வந்து தரையில் அமர்ந்தது. கடைசித் தம்பி, மடி இருந்த இடத்தில் வெறும் காற்றில் தலை வைத்து அழுதான். அடுப்பில் சோறு தீய்ந்து, அந்த வாடை முதல் வகுப்புவரை வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் ஓர் இடம் ஒரு மாதத்துக்கு மேல் காலியாக இருக்காது. தேவையில்லை என்று சொன்னவர் வீட்டிலிருந்தே படம் ஆள் எடுத்துக்கொள்ளும்.

வைகாசியில் உலகம்மாளின் வலது கைச் சுண்டுவிரல் நிறம் விட்டது. மறுநாள் மணிக்கட்டு வரை. சேலையின் பச்சை, கரைப் பக்கத்திலிருந்து சாம்பலாக ஏறி வந்தது. கழுத்துவரை வந்த அன்று அவள் ஒரு தகரப் பெட்டியில் இரண்டு சேலைகளை மடித்து வைத்தாள்.

"நான் பொறப்படுதேன். அங்கன சோறு தீயுதாம், தளவாய் சொன்னான்" என்றாள்.

"இங்கன யாரு ஆக்குவா?"

"இங்கன உள்ளவிய யாரும் சாப்பிடுதது இல்லியே."

"நான் சாப்பிடுதேம்லா?"

உலகம்மாள் பெட்டியை மூடினாள். "அப்பிடியா? நீங்க ஒண்ணும் சொன்னதில்லியே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டுக்காரர்கள் போயிட்டு வாங்க என்றார்கள்.

அன்று மேட்னியில் ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். அரிசி களைந்தாள். அந்தக் கழுநீர் மெதுவாக வடிவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. விளக்குத் துடைத்தாள். முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்து பார்க்காததை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அவள் வராத காட்சிகளில் கொட்டாவி விட்டார்.

படம் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று உரக்கச் சொன்னார்: "அந்த அண்ணி தேவையில்ல. இப்பவும் சொல்லுதேன்."

மறுநாள் பத்து மணிக்கு வாசல் தெளித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் சொன்னார். "சுத்தமா தேவையில்ல" என்றார். வாசலில் வெயில்தான் வந்து நின்றது.

தளவாய் சிகரெட்டை அணைத்துவிட்டுச் சொன்னான். "மனசுல இல்லாததச் சொன்னா எப்பிடி அண்ணாச்சி வருவாவ? அவிய இல்லாட்டா படமே இல்லன்னுதான ஒங்களுக்குத் தோணுது."

அதுதான் உண்மை. அவள் தேவையில்லை என்று நம்பினால்தான் அவள் வீடு திரும்புவாள். அவருக்கோ அவளைத் தவிர அந்தப் படத்தில் எதுவும் தேவைப்படவில்லை. பொய் சொல்லப் பழகியிராத மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார். வேறு வழி தெரியாமல், உண்மையாகவே தோன்றியதை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

வக்கீல் தேவையில்லை என்றார். வக்கீல் பத்து மணிக்கு வந்தார். பாகம் பிரிக்க வந்த பெரிய மனிதர்கள் தேவையில்லை என்றார், ஐந்து பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். மூத்தவன் தேவையில்லை, தம்பிகள் தேவையில்லை, கதாநாயகனே தேவையில்லை. எல்லாரும் சாம்பல் நிறத்தில் வந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து பாகம் பிரிப்பதைப் பற்றிப் பேசினார்கள். அண்ணி சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள், தண்ணீர் எடுத்து வைக்கவில்லை. இந்த இடங்களுக்கும் ஆள் எடுக்க வேண்டிய கெடு வருமுன், சோகம் வந்தால் ஊதும் ஷெனாய் இசையும் தேவையில்லை, கதையும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். கதை இல்லாத படத்துக்கு ஆள் தேவைப்படவில்லை.

கடைசியில் 'பிரிந்த கூடம்' இரண்டரை மணி நேரமும் உலகம்மாள் மட்டும் இருக்கும் படமானது. சத்தமே இல்லை. அரிசி களைவாள், அடுப்பூதுவாள், உட்கார்ந்து கால் நீட்டுவாள். யாரும் வராததால் ஒரே இலை போட்டு முழுச் சாப்பாடும் சாப்பிட்டாள். ஊர் ஜனங்கள் ஒருவாட்டி பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பெரிய கொட்டகையில் ஆவுடையப்பன் மட்டும் தினமும் மூன்றாவது வரிசையில் இருந்தார். இவ்வளவு நல்ல படத்தை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார்.

மூன்றாவது வாரம் அவள் வேலையை நிறுத்திவிட்டு அவ்வப்போது இந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கொட்டகைதான் படம். இருட்டில் நானூறு காலி நாற்காலிகள், நடுவில் ஓர் ஆள். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, எடை பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தாள். தம்மை இப்படி ஒருவரும் பார்த்ததில்லை என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தார்.

அந்தப் படத்தில் வசனமே கிடையாது. ஆனாலும் அவள் பேசினாள்.

"மூணு வாரமா பாக்கேன். ஒத்த ஆளு வந்து ஒக்காந்துகிட்டு, ஒண்ணும் செய்யாம, போயிகிட்டும் வந்துகிட்டும். அங்கன அவரு எதுக்கு?" மனதாரத்தான் சொன்னாள். "தேவையே இல்ல."

ஆவுடையப்பனுக்கு அந்தச் சொல் நேராக நெஞ்சில் பட்டது. எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ தடவை சொன்ன சொல்தான். அது இப்படி வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கூடத்தில் இருந்தவர்களைத் தாண்டிப் போய், பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு. எல்லாம் முடிந்தபிறகு இன்ஸ்பெக்டர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். ஆவுடையப்பன் வீட்டுச் சாவியை அவரிடமே கொடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் 'பிரிந்த கூடம்' வீட்டு வாசலில் நின்றார். கைகள் சாம்பலாக இருந்தன. உலகம்மாள் கதவைத் திறந்தாள். கறுப்புக் குங்குமம், நனைந்த கை.

"வந்தாச்சா? உள்ள வாங்க."

முப்பத்தொரு வருஷமாகச் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்தார். அவருக்கென்று வசனம் எழுதியிருக்கவில்லை. வாயிலிருந்து ஷெனாய் வந்தது, தாழ்ந்த சுரத்தில், நீளமாக, நிறுத்த முடியாமல்.

உலகம்மாள் கதவில் சாய்ந்து அது முடியும்வரை கேட்டாள்.

"ஒருவாட்டி கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அரிசி களைய உள்ளே போனாள்.