மாமியார் விசாவும் வாய் திறக்காத மருமகனும்

ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு மரிவிக் கணவன் முன்னால் வந்து நின்றாள். பிரசவத்துக்கு வரவேண்டிய அவளுடைய அம்மா எர்லிந்தாவுக்கு விசா இல்லை என்று பதில் வந்திருந்தது.

"அழைக்கிறவருக்கே விருப்பம் இல்லைன்னு எழுதியிருக்கான். மணிலா தூதரகத்துலேர்ந்து ஃபோன் பண்ணப்ப என்னதான் சொல்லித் தொலைச்ச?"

"கேட்டதுக்குச் சொன்னேன்" என்றான் கிம்மோ.

"தங்க இடம் இருக்கான்னு கேட்டானா?"

"ஏதோ இருக்குன்னேன்."

"சம்பளம்?"

"ஓடுதுன்னேன்."

"அம்மா வர்றதுல உனக்குச் சம்மதமான்னு?"

"வந்தா வரட்டும்னேன்."

மரிவிக் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஏரிக்கரையில் அவனே கட்டிய நான்கு அறை வீடு அது. பின்லாந்தில் எங்கள் கயானி ஊரில் பாதிப் பேருக்குக் குழாய் வேலை அவன்தான். ஆனால் எங்கள் ஊரில் தன்னைப் பற்றி ஒருவன் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால், பாவம், எங்கேயோ கடனில் மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைப்போம். 'வந்தா வரட்டும்' என்பதெல்லாம் இங்கே ஆரத்தி எடுப்பதற்குச் சமம். மணிலா பையனுக்கு இது எப்படித் தெரியும்?

இன்ஷூரன்ஸ், திரும்பிப் போகும் டிக்கெட், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் மறுபடி அனுப்பி மேல்முறையீடு செய்தார்கள். இந்த முறை தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து பேசுவார்கள் என்றதும் மரிவிக் அவனுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். பல் வலிக்காரன் முகத்தோடு அவனும் மனப்பாடம் செய்தான்.

ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். பேசியது சாரேலா என்ற அதிகாரி.

"எங்க வீடு மாளிகை மாதிரி. சம்பளம் பிரமாதம். அத்தையை ஆவலோட எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று கிம்மோ மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

சாரேலா குரலைத் தாழ்த்தினாள். "கிம்மோ, பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?"

"மனைவி."

"மிரட்டுறாங்களா?"

"கொஞ்சம்."

"நானும் இந்த நாட்டுல பிறந்தவதான். தன் வீட்டை மாளிகைன்னு ஒருத்தர் சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன். எனக்கு இது சரியாப் படல."

போச்சு, எல்லாம் போச்சு என்று மரிவிக் நினைத்தாள். தன் மொழியில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடப்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அழகாப் பேசுறதை விடுங்க. அந்தம்மாவுக்காக என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?" என்றாள் சாரேலா.

கிம்மோ தரையைப் பார்த்தான். "கட்டிலைச் சூடு வர்ற சுவர்ப் பக்கம் நகர்த்தினேன்."

"அப்புறம்?"

"அவங்களுக்கு முழங்கால் வலி. நீராவிக் குளியலுக்குச் சவுனால மேல் பலகைக்கு ஏற வேண்டாம்னு கீழேயே ஒரு பலகை அடிச்சேன்."

"அப்புறம்?"

"குளிருக்குக் கோட்டு வாங்கினேன். அளவு தெரியல, அதனால ரெண்டு. கராஜ்ல இருக்கு."

இதில் ஒன்றுகூட மரிவிக்குக்குத் தெரியாது. தன் தொணதொணப்புக்குப் பயந்துதான் இவன் கராஜில் போய் ஒளிந்துகொள்கிறான் என்று நினைத்திருந்தாள்.

"அவங்க திரும்பிப் போவாங்களா?"

"நிச்சயமா. சாப்பாட்டுக் கடையைத் தங்கச்சிகிட்ட விட்டுட்டு வர்றாங்க. தங்கச்சி சமையல் மேல அவங்களுக்குத் துளி நம்பிக்கை கிடையாது."

சாரேலா சிரித்துவிட்டாள். "சரி, அவங்க வரலன்னா?"

கிம்மோ மரிவிக்கைத் திரும்பிப் பார்த்தான். மரிவிக் குறுக்கே பேசிவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இவ பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழறா. எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு. நான் கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டிருப்பேன். உள்ளே போய் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அவங்க அம்மாவுக்குத் தெரியும்."

"இது போதும். விசா குடுக்கச் சொல்லி எழுதுறேன்" என்று சாரேலா ஃபோனை வைத்தாள்.

வாயாடி மரிவிக் நேராகக் கராஜுக்குப் போய்ப் பெரிய கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். வயிற்றுக்கு மேல் பொத்தான் போட முடியவில்லை. அப்படியே பின்னாலேயே வந்த கிம்மோவின் தோளில் சாய்ந்து, வாய்விட்டு, அவனுக்குக் கேட்கும்படியாகவே அழுதாள்.