டெல்மரின் விதவை

லைமா நகரத்தில் உயிரோடு இருப்பவர்களில் பாதிப் பேருக்கும் கல்லறையில் படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் கார் வாரண்டி விற்றவர் டெல்மர் க்ரூகர். புதுக் காரோடு சும்மா வருகிற மூன்று வருட வாரண்டி இல்லை. அதற்கு மேல் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற கூடுதல் வாரண்டி. ஆக்ஸிஜன் குழாயோடு வந்த ஒரு மனிதருக்குப் பத்து வருட வாரண்டி விற்றார் என்றும், அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் டெல்மர்தான்.

இத்தனை விற்றவர் தன் காருக்கு ஒரு தடவைகூட வாங்கியதில்லை. விஷம் விற்கிறவன் விரலை நக்குவானா?

வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் அந்தத் தொழிலில் ஒரு மறுப்புத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ‘எனக்கு எல்லாம் விளக்கினார்கள், நான்தான் வேண்டாம் என்றேன், நாளைக்கு வந்து அழமாட்டேன்’ என்பது அதன் சாரம். ஓய்வு பெற்ற பிறகு டெல்மர் நான்கு கார்கள் வாங்கி, நான்கு மறுப்புத் தாள்களுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டு, கராஜ் சுவரில் மான்தலைக்குப் பக்கத்தில் வரிசையாக மாட்டியிருந்தார். மானைச் சுட்டது அவருடைய மச்சான். தாள்கள் மட்டும் சொந்த வேட்டை.

செவ்வாய்தோறும் டோனட் கடையில் கூடும் பழைய வாரண்டிக்காரர்களிடம் இந்த வாரம் சபதமே போட்டிருந்தார். “அஞ்சாவது தாளோட வர்றேன். வரலேன்னா அந்த நாலையும் உங்க கண்ணு முன்னாடி காபில நனைச்சுத் தின்னுடறேன்.”

லைமாவில் அவரைத் தெரியாத கார்க்கடை கிடையாது. அதனால் ஜனவரிப் பனியில் அறுபது மைல் ஓட்டி ஃபோர்ட் வேன் என்ற ஊருக்கு வந்தார். கூட மனைவி வெர்லா. வராமல் முடியாது, ஏனென்றால் பணம் வெர்லாவுடையது. வசந்தகாலத்தில் இறந்துபோன தங்கை நார்மா எழுதிவைத்துவிட்டுப் போன பணம். காரும் இருவர் பெயரிலும் பதிவாவதாக ஏற்பாடு. ஆகவே மறுப்புத் தாளிலும் இரண்டு கையெழுத்து வேண்டும். இதை டெல்மர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நாற்பத்தெட்டு வருடமாக அவர் விரல் வைத்த இடத்தில் வெர்லா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

காரைத் தேர்ந்தெடுத்து, பழைய காரைக் கொடுத்துக் கழித்து விலை படிந்து, கடைசியாகக் காகிதம் முடிக்கிற அறைக்கு அனுப்பினார்கள். தொழிலில் அதற்குப் ‘பெட்டி’ என்று பெயர். ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. வாடிக்கையாளரின் நாற்காலி இரண்டு அங்குலம் தணிவாக இருக்கும். உள்ளே ஹீட்டரின் அனலைக் கூட்டிவைத்திருப்பார்கள். மேலங்கியோடு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மனிதன் வெந்து, இருபதாவது நிமிடத்தில் எதையும் வாங்கிக்கொண்டு ஓடப் பார்ப்பான்.

ஃபைனான்ஸ் மேனேஜர் ஒரு பெண், பெயர் மார்லி. முப்பது வயது இருக்கும். கைகொடுத்துவிட்டு, பிரிண்டரைப் பார்க்கணும் என்று வெளியே போனாள்.

“பிரிண்டராவது மண்ணாவது. நம்மள வேகவிட்டுட்டுப் போயிருக்கா,” என்று கிசுகிசுத்தார் டெல்மர். கல்யாண வீட்டில் பந்திக்கு முதலில் உட்கார்ந்தவர் முகம் அவருக்கு. “திரும்பி வர்றப்ப தண்ணி பாட்டில் ரெண்டு கொண்டு வருவா பாரு. அவங்க தண்ணியக் குடிச்சவன் முடியாதுன்னு சொல்லமாட்டான்.”

“எனக்குத் தாகமா இருக்கு. குடிக்கலாமா, கூடாதா?”

“நீ குடி. நீ சும்மா ஒப்புக்குத்தானே வந்திருக்கே.”

மார்லி இரண்டு தண்ணீர் பாட்டிலோடும் ஒரு பாக்கெட் சோளப்பொரியோடும் வந்தாள். டெல்மர் மேஜைக்கு அடியில் வெர்லாவின் காலை இடித்தார்.

“எத்தனை வருஷம் சார் இந்தக் காரை வெச்சிருக்கறதா உத்தேசம்?”

இந்தக் கேள்வியைத் தன் வாயால் லட்சம் தடவை கேட்டவர், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல விழித்தார். “அது ஓடற வரைக்கும்மா. ஏன், ஓடாதா?”

“ஓடும் சார். ஆனா மூணு வருஷம் கழிச்சு ஏதாவது ஒண்ணுன்னா...”

“ஒண்ணுன்னா? இப்பத்தான் வெளியில இருந்த பையன் இதை மாதிரி கார் உலகத்துலயே இல்லேன்னான். அவன் பொய் சொன்னானா, நீ சொல்றியா?”

முக்கால் மணி நேரம் இப்படியே. வாரண்டி டயருக்கா என்று கேட்டார். வைப்பரில் ஓடுகிற தண்ணீருக்கு உண்டா என்று கேட்டார். அணில் கடித்தால்? சொந்த அணில் கடித்தால்? எலியைப் பல்லில் கவ்வி, விட்டு, மறுபடி கவ்வுகிற பூனைக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது. மாதக் கடைசி, விற்பனைக் கணக்கை எட்டியாக வேண்டிய நாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மார்லியின் மேலாளர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவைக்கும் அவள் கழுத்து ஒரு சுற்று சிவந்தது. அதை டெல்மர் தேன்போல உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“பாவம், விடேன் அந்தப் பொண்ணை,” என்றார் வெர்லா மெதுவாக.

“இருடி. கடைசி ஆயுதத்தை எடுக்கட்டும். அப்புறந்தான் வேண்டாம்னு சொல்றதுல சுகம்.”

மார்லி இழுப்பறையைத் திறந்து கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

கறுப்பு அட்டைக் கோப்பு. அடி மூலையில் காபிக் கோப்பை வைத்த வட்டம். முதுகில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. அந்த மஞ்சள் டேப்பை ஒட்டியதே டெல்மரின் கைதான்.

வாரண்டி விற்கிறவர் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கோப்பு இருக்கும். பயமுறுத்துகிற ரிப்பேர் பில்கள், வெடித்த இஞ்சினின் படங்கள், கண்ணீர்க் கடிதங்கள். ஓய்வு பெற்ற அன்றைக்கு டெல்மர் தன்னுடையதைத் தனக்குக் கீழே வேலைபார்த்த ரஸ்டியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் தொழிலில் எட்டு மாதத்துக்கு மேல் ஒரு கடையில் எவனும் நிலைப்பதில்லை. கோப்பு ஆறு கை மாறி, நான்கு ஊர் சுற்றி, இந்தப் பெட்டிக்குள் வந்து அவருக்காகக் காத்திருந்திருக்கிறது.

“மேடம், நீங்க இதைப் பாக்கணும்,” என்று மார்லி, டெல்மரை ஒரேயடியாகக் கைகழுவிவிட்டு வெர்லா பக்கம் திரும்பினாள். “இது எங்க பெரியம்மா.”

லேமினேட் செய்த படம். பனிகொட்டும் நெடுஞ்சாலை ஓரம், தூரத்தில் ஒரு தானியக் குதிர். மூடி திறந்த ஒரு பழுப்புக் கார். பக்கத்தில் கனத்த மேலங்கியோடு ஒரு பெண், தலை குனிந்து, உலகத் துக்கம் முழுவதையும் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். மேலங்கிக்குக் கீழே பீச் பழ நிறத்தில் பட்டு கவுன் ஒரு சாண் தெரிந்தது.

வெர்லா கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அது தொண்ணூற்றொன்றாம் வருட ஜனவரி. படத்தில் நிற்பது வெர்லாவேதான். அந்த கவுனை அவரே தைத்தார். நார்மா கல்யாணத்துக்கு, மணப்பெண் தோழியாக நிற்பதற்கு. பாதி வழியில் கார் படுத்துவிட்டது. அதற்கு வாரண்டி கிடையாது. வேண்டாமென்று சொன்னவர் டெல்மர். இழுவை வண்டி வர இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் டெல்மர் கேமராவை எடுத்து, “இன்ஷூரன்ஸ்காரன் கேப்பான். கொஞ்சம் சோகமா நில்லு,” என்றார். சோகத்துக்கு நடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நார்மாவின் கல்யாணப் படங்கள் ஒன்றிலும் அக்கா இல்லை.

“பெரியம்மா எங்கே போயிட்டிருந்தாங்க?” என்று கேட்டார் வெர்லா.

“புருஷனைப் புதைச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டிருந்தாங்க மேடம்.”

“பீச் கலர்லயா?”

“அவருக்குப் பிடிச்ச கலர்.” மார்லியின் குரல் தழுதழுத்தது. நல்ல பயிற்சி. “கார் வாங்கறப்ப இதே மாதிரி ஒரு அறைலதான் உக்காந்திருந்தாங்களாம். பெரியம்மா வாரண்டி எடுக்கலாம்னாங்க. பெரியப்பா தேவையில்லேன்னுட்டாரு. எதுக்கும் காசு செலவு பண்ணமாட்டாரு. நாப்பது டாலர் மிச்சம் பிடிக்கறதுக்காகக் கூரைமேல தானே ஏறி ஆன்டெனா மாட்டினாரு. விழுந்துட்டாரு.”

டெல்மர் தன் காலத்தில் இந்தப் படத்தைக் காட்டி, புருஷன் செத்தது மாரடைப்பில் என்றுதான் சொல்லிவந்தார். கூரை யாரோ பின்னால் வந்தவன் கட்டியது.

“கஷ்டப்பட்டாரா?”

“மூணு நாள், மேடம்.”

“மூணே நாளா,” என்றார் வெர்லா.

டெல்மர் மறுப்புத் தாளைத் தானே இழுத்து, கடகடவென்று கையெழுத்துப் போட்டு, மனைவி பக்கம் தள்ளினார். விரலையும் இடம் பார்த்து வைத்தார். “போதும்மா கதை. வெர்லா, இங்க போடு. நேரமாச்சு.”

வெர்லா பேனாவை எடுத்தார். போடவில்லை. படத்தைத் திருப்பி டெல்மரின் மூக்குக்கு நேரே வைத்தார்.

“உனக்கு இந்தப் பொம்பளையத் தெரியுமா, டெல்மர்?”

அறையில் ஹீட்டர் இரைந்தது. ஆமாம், இது என் மனைவி, முப்பது வருஷம் இவளை விதவையாக்கி வயிறு வளர்த்தேன் என்று சொல்லலாம். சொன்னால் தான் யார் என்பது மார்லிக்குத் தெரிந்துவிடும். பாச்சா பலிக்காது. செவ்வாய்க்கிழமை டோனட் கடையில் காறித் துப்புவார்கள். தாள், மான்தலை, சுவரில் ஐந்தாவது ஆணி எல்லாம் அவர் கண்முன்னால் ஓடின.

“எனக்கெப்படித் தெரியும்?” என்றார். “யாரோ.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“யாருன்னே தெரியாதுங்கறேன்.”

வெர்லா தலையாட்டினார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவசரப்படாமல் பாதி குடித்தார்.

“எட்டு வருஷத்துக்கு எவ்வளவும்மா?”

“மூவாயிரத்து நானூறு, மேடம்.” மார்லிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

“வெர்லா, அதெல்லாம் சுத்தப் பித்தலாட்டம். அதுல பாதி இவங்க பாக்கெட்டுக்கு...”

“உனக்கு அதெப்படித் தெரியும்?” வெர்லா அவரைப் பார்த்த பார்வையில் கனிவு ஒழுகியது. “டயருக்கான்னு கேட்டவனாச்சே நீ.” மறுபடி மார்லியிடம் திரும்பினார். “எழுதிக்கம்மா. காரும் என் பேர்லயே இருக்கட்டும். இவர் பேர எடுத்துடு. பணம் என் தங்கச்சியோடது. கூரையேறி விழற வயசுல இருக்காரு இவரு. அப்புறம் பேர் மாத்தறதுக்கு நான் எங்க அலையறது.”

“செஞ்சிடலாம் மேடம். இந்த மறுப்புத் தாள்...”

“அதுல ஒரு கையெழுத்துத்தானே இருக்கு. கிழிச்சிடு.”

மார்லி அதைப் பக்கத்திலிருந்த துண்டாக்கும் இயந்திரத்தில் விட்டாள். டெல்மரின் ஐந்தாவது தாள் சேமியாவாகி விழுந்தது. “சுவத்துல இருக்கற நாலையும் வீட்டுக்குப் போனதும் எடுத்துத் தர்றேன்,” என்றார் வெர்லா. “காபி ஆறிடாம பாத்துக்கோ.”

போகும்போது மார்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். “கதை நல்லா இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு மாத்திக்கோ. மூணு நாள் பத்தாது. மூணு வாரம்னு சொல்லு.”

புதுக் காரை வெர்லா ஓட்டினார். டெல்மர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசலாமா என்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார். வான் வெர்ட் ஊரைத் தாண்டி, முப்பதாம் எண் நெடுஞ்சாலையில் படத்திலிருந்த அதே தானியக் குதிர் தெரிந்ததும் வெர்லா வண்டியை ஓரம் கட்டினார். முன்மூடியைத் திறக்கும் விசையை இழுத்தார்.

“என்ன? ஏதாவது சத்தம் கேட்டுதா?”

“இறங்கிப் பாரேன். உனக்குத்தான் கார் பத்தி எல்லாம் தெரியுமே.”

டெல்மர் இறங்கினார். மேலங்கி பின் இருக்கையில் இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் பளபளவென்று, குழந்தையின் நாக்கு மாதிரி புதுசாக இருந்தது. நிமிர்ந்தபோது கதவுகள் பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. வெர்லா கார்க் கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கி, போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“கொஞ்சம் சோகமா நில்லு, டெல்மர்.”

படம் எடுத்தார். பார்த்தார். திருப்தி இல்லை, இன்னொன்று எடுத்தார். பிறகு போனில் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, இருக்கைச் சூட்டைக் கூட்டி, மார்லி கொடுத்த சோளப்பொரியைப் பிரித்தார். டெல்மர் கண்ணாடியைத் தட்டினார். மன்னிப்புக் கேட்டார், மிரட்டினார், மார்பைப் பிடித்துக்காட்டினார். பனி அவர் புருவத்தில் சின்னச் சின்னக் கூரை வேய்ந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஒரு லாரி வேகம் குறைந்து பக்கத்தில் வந்து நின்றது. தாடிக்கார டிரைவர் எட்டிப் பார்த்தான்.

“என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா? உங்க வீட்டுக்காரர் விறைச்சுப் போயிடுவார்போல இருக்கே.”

வெர்லா கண்ணாடியை அதே ஒரு அங்குலம் இறக்கினார்.

“எங்க வீட்டுக்காரர் செத்து ரொம்ப வருஷமாச்சு, தம்பி. கூரைலேர்ந்து விழுந்துட்டாரு.”

“அப்ப இவரு?”

வெர்லா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெளியே நீலம் பாய்ந்து நிற்கும் கிழவரை நிதானமாக, ஏறஇறங்கப் பார்த்தார்.

“யாருன்னே தெரியாது,” என்றார்.